‘எழுத்து’ முடிந்தது, திருமணம் முடிந்ததா?

கத்தோலிக்கர் செறிந்து வாழும் எமது கரையோரக் கிராமங்களில் ‘கோயிலுக்கு வெளியே கட்டினவர்கள்’ என்று ஒரு பிரிவினர் உள்ளனர். விவாகப் பதிவாளர் முன்னிலையில் மட்டும் ஒப்பமிட்டவர்கள், இந்து ஆலயத்தில் தாலி கட்டியவர்கள், வேற்றுச் சபையொன்றின் போதகரிடம் ஆசி பெற்றவர்கள், முஸ்லிம் ஒருவரை மணந்து நிக்காஹ் செய்துகொண்டவர்கள் ஆகிய அனைவரும் இந்த ஒரே பெயருக்குள் அடக்கப்படுகின்றனர். திருச்சபையின் பார்வையில் இவர்களுடைய நிலை ஒன்றல்ல. ஆனால் ஊர்ப்பேச்சில் அது ஒன்றாகவே நிற்கிறது. ‘அவர்கள் நற்கருணை எடுக்க முடியாது, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது, செத்தால் சேமக்காலையில் இடமில்லை’ என்பதே அப்பேச்சின் சாரம். இவற்றுள் எது உண்மை, எது பொய் என்பதை விளக்க வேண்டியவர்களும் பல வேளைகளில் மௌனமாக இருந்துவிடுகின்றனர்.

2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் 6.2 வீதத்தினரே உரோமன் கத்தோலிக்கர். எனினும் இது அவர்களுடைய வீட்டு விவகாரம் என்று ஏனையோர் ஒதுங்கிவிட இயலாது. மன்னாரிலும் புத்தளத்திலும் திருகோணமலையிலும் கொழும்பிலும் சைவரும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் அயலவர்களாகவே வாழ்கின்றனர். காதல் சமயம் பார்த்து வருவதில்லை. ஒரு கத்தோலிக்கரை மணக்கும் சைவப் பெண்ணையோ முஸ்லிம் இளைஞரையோ உரோமாபுரியின் சட்டம் ஏதோ ஒரு விதத்தில் தொட்டே தீருகிறது.

முதலில் போதனை என்னவென்று பார்ப்போம். கத்தோலிக்கக் கோட்பாட்டின்படி திருமணத்தை உண்டாக்குவது குருவானவர் அல்லர். மணமக்கள் இருவரும் சுதந்திரமாக வெளியிடும் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது. இலத்தீன் வழிபாட்டு மரபில் இத்திருவருட்சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்குபவர்களும் மணமக்களே. குருவானவர் திருச்சபையின் பெயரால் அச்சம்மதத்தைக் கேட்டு ஏற்கின்ற சாட்சி. ஆனால் 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டக்கோவை இதனுடன் ஒரு நிபந்தனையை இணைக்கிறது. மணமக்களுள் ஒருவராவது கத்தோலிக்கராயின், ஆயர் அல்லது பங்குத்தந்தை அல்லது அவர்களால் அதிகாரமளிக்கப்பட்ட ஒருவர் முன்னிலையிலும், இரு சாட்சிகள் முன்னிலையிலும் அச்சம்மதம் வெளியிடப்பட வேண்டும். இன்றேல் அத்திருமணம் செல்லாது. ‘தவறானது’ என்பதல்ல இதன் பொருள். திருச்சபையின் கணக்கில் திருமணமே நிகழவில்லை என்பதாகும்.

இந்த நிபந்தனை கத்தோலிக்கரை மட்டுமே கட்டுப்படுத்துகிறது என்பதைப் பலர் அறியார். சைவர் இருவர் ஐயர் முன்னிலையில் செய்துகொண்ட திருமணத்தையும், முஸ்லிம்கள் இருவரின் நிக்காஹ்வையும், மெதடிஸ்த சபையினர் இருவர் தமது தேவாலயத்தில் செய்த திருமணத்தையும், ஏன், சமயச் சடங்கு எதுவுமின்றிப் பதிவாளர் கந்தோரில் இரு பௌத்தர்கள் செய்த திருமணத்தையும் கூட திருச்சபை செல்லுபடியான திருமணமாகவே மதிக்கிறது. ஆகவே பதிவுத் திருமணத்தைத் திருச்சபை இழிவாகக் கருதுகிறது என்ற குற்றச்சாட்டு சரியானதன்று. தன் பிள்ளைகளுக்கு மட்டுமே அது வேறொரு வாசலைக் காட்டுகிறது.

முஸ்லிம் வாசகர்களுக்கு இந்த இடம் வியப்பளிக்கக் கூடும். நிக்காஹ்விலும் ஈஜாப், கபூல் என்னும் இரு சொற்களே உயிர். வலியும் இரு சாட்சிகளும் இருந்தால் போதும், இமாம் இருந்தேயாக வேண்டும் என்பதில்லை. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் தனது 16 ஆம் பிரிவில், பதிவு செய்யப்படாத காரணத்தால் மட்டும் ஒரு முஸ்லிம் விவாகம் செல்லாததாகிவிடாது என்று கூறுகிறது. 16 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாடும் ஏறத்தாழ இதுவாகவே இருந்தது. இருவர் தனியே நின்று ‘உன்னை மணக்கிறேன்’ என்று கூறிக்கொண்டாலே அது திருமணம். இரகசியமாகச் செய்தல் பாவம் எனக் கண்டிக்கப்பட்டதே தவிர, செல்லாது என்று சொல்லப்படவில்லை.

அந்நிலை ஏன் மாறியது என்பதில்தான் இவ்விடயத்தின் முழு மர்மமும் அடங்கியுள்ளது. ஓர் ஆண் ஒரு பெண்ணுக்கு இரகசியமாக வாக்களித்து அவளுடன் வாழ்வான். பின்னர் மனம் மாறி வேறொருத்தியை ஊரறியக் கைப்பிடிப்பான். முதலாமவளிடம் சாட்சியும் இல்லை, ஓலையும் இல்லை. தான் மனைவி என்பதை அவளால் நிரூபிக்கவே முடியாது. ஐரோப்பாவெங்கும் நீதிமன்றங்களை நிரப்பிய இந்த அவலத்திற்கு முடிவு கட்டவே திரெந்துப் பொதுச்சங்கம் 1563 நவம்பரில், பங்குத்தந்தையும் சாட்சிகளும் இல்லாத திருமணம் செல்லாது என ஆணையிட்டது. மூன்று கடன்திருநாட்களில் ஓலை வாசிக்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. கைவிடப்படும் பெண்ணைக் காக்கப் பிறந்த சட்டம் இது. இதனை நினைவிற் கொண்டே மேலே செல்ல வேண்டும்.

திரெந்தின் ஆணை எல்லா நாடுகளிலும் ஒரே சீராக நடைமுறைக்கு வரவில்லை. அதனைச் சீராக்கியது பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் காலத்தில் 1907 ஓகஸ்டில் வெளியாகி, 1908 உயிர்த்த ஞாயிறு முதல் நடைமுறைக்கு வந்த ஆணையாகும். இதே 1907 ஆம் ஆண்டில்தான் இலங்கையில் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமும் பிறந்தது என்பது சுவையானதொரு பொருத்தம். பதிவுசெய்யப்பட்ட வழிபாட்டுத் தலத்தில் சமயக் குருவும் விவாகத்தை நடத்திவைக்க இச்சட்டம் இடமளிப்பதால், நடைமுறையில் இரண்டும் ஒரே நாளில் ஒரே பீடத்தின் முன் முடிந்துவிடுவதுண்டு. ஆனால் இரண்டும் பிரிந்து நிற்கும்போதுதான் பிரச்சினை தலைதூக்குகிறது. யாழ்ப்பாணத் தமிழில் இப்பிரிவினைக்கு ஒரு பெயரே உண்டு: ‘எழுத்து’. எழுத்து இன்று, கலியாணம் ஆறு மாதம் கழித்து, என்பது எமக்குப் பழகிப்போன ஏற்பாடு.

அரசின் சட்டமும் ஆலயத்தின் சட்டமும் முரண்படுவது இங்கு புதிதல்ல. ஒல்லாந்தர் ஆட்சியில் நிலைமை தலைகீழாக இருந்தது. அவர்களுடைய சீர்திருத்தச் சபையின் ஒழுங்குப்படி நடைபெறாத திருமணத்தை அரசு ஏற்கவில்லை. அத்திருமணத்தின் பிள்ளைகளுக்கு முதுசம் சிக்கலாகியது. ஆகவே கத்தோலிக்கர் காணிக்காகவும் தோம்புக்காகவும் ஒல்லாந்தச் சபையில் ஒரு முறையும், மனச்சாட்சிக்காக மறைந்து திரிந்த குருவானவரிடம் இன்னொரு முறையும் மணக்க வேண்டியிருந்தது. 1687 இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கிய கோவைக் குருவானவர் யோசேவ் வாஸ் போன்றோர் இரவுகளில் ஆற்றிய பணிகளுள் இதுவும் ஒன்று. (2015 ஜனவரியில் கொழும்பில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது ஆற்றப்பட்ட உரைகளில் இப்பக்கம் அதிகம் பேசப்படவில்லை.) 1806 இல் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கியபோது, ஒல்லாந்த முறையைப் பின்பற்றாது கத்தோலிக்க முறைப்படி நடந்த திருமணங்களும் செல்லும் என்று பின்னோக்கி அறிவிக்க நேர்ந்தது. தேசவழமைக்கும், கொழும்பு மாகாண முஸ்லிம்களின் விவாக, முதுசச் சட்டத்திற்கும் அரசு சட்டவலு வழங்கியதும் அதே 1806 ஆம் ஆண்டிலேதான். மூன்று சமூகங்களின் குடும்ப வாழ்வையும் ஒரே ஆண்டில் ஏட்டிலேற்றிய அந்த ஒழுங்கின் நிழலிலேயே நாம் இன்னும் வாழ்கிறோம்.

இனி இன்றைய சிக்கலுக்கு வருவோம். வெளிநாட்டில் வாழும் கத்தோலிக்க இளைஞர் ஒருவர் ஊருக்கு வந்து ஒரு கத்தோலிக்கப் பெண்ணுடன் எழுத்தை முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விசாவுக்கு அப்பத்திரம் தேவை. கோயிற் கலியாணம் பின்னர் என்பது பேச்சு. சில வாரங்கள் சேர்ந்து வாழவும் கூடும். அவர் திரும்பிச் செல்கிறார், அழைப்புகள் குறைகின்றன, பின்னர் நின்றே போகின்றன. அவர் வாழும் நாட்டில் விவாகரத்துப் பெறுவது அவருக்குக் கடினமல்ல. அதன் பின்னர் அங்குள்ள ஆலயமொன்றில், பாடகர் குழாம் பாட, மலரலங்காரத்துடன் இன்னொருவரை முதற் திருமணமாகவே மணக்க அவரால் முடியும். ஏனெனில் திருச்சபையின் கணக்கில் அவர் இதுவரை மணமாகாதவர். முறைப்படி நடைபெறாத பதிவுத் திருமணத்தைச் செல்லாது என்று காட்ட நீண்ட வழக்குத் தேவையில்லை. சில பத்திரங்களே போதும்.

இங்கே விடப்பட்ட பெண்ணின் நிலை என்ன? இலங்கைச் சட்டத்தின்படி அவள் மனைவி. விவாகரத்து வேண்டுமாயின் சோரம், தீய எண்ணத்துடனான கைவிடல், திருமணத்தின் போதிருந்த தீராத ஆண்மைக்குறைவு ஆகிய காரணங்களுள் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். ஊர்ப் பார்வையில் அவள் ‘விடுபட்டவள்’. ஆலயத்திலோ அவள் எப்போதுமே மனைவியாக இருந்ததில்லை. ஒரே நிகழ்வு அவளுக்குச் சுமையாகவும் அவனுக்கு ஒன்றுமில்லாததாகவும் ஆகிவிடுகிறது. 1563 இல் எந்தப் பெண்ணைக் காக்க அந்த விதி பிறந்ததோ, அதே பெண்ணைக் கைவிடுவதற்கு அதே விதி இன்று கருவியாகலாம் என்பதே எமது கவலை.

மறுபுறத்தில், கோயிலில் முறைப்படி மணமுடித்து, பின்னர் கணவனால் கைவிடப்பட்ட பெண், மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெற்றாலும், கணவன் உயிரோடிருக்கும்வரை மறுமணம் செய்ய முடியாது. தன் திருமணம் ஆரம்பத்திலேயே செல்லாதது என்று திருச்சபையின் நீதிமன்றம் தீர்ப்பளித்தால் மட்டுமே முடியும். விதியை மதித்தவள் கட்டுண்டு நிற்க, மதியாதவன் சுதந்திரமாக நடக்கிறான். இதனைத் திருச்சபை அறியாமலில்லை. முன்னைய உறவொன்றினால் மற்றொருவர் மீதோ பிள்ளைகள் மீதோ இயற்கையான கடப்பாடுகள் உள்ள ஒருவரின் திருமணத்தை ஆயரின் அனுமதியின்றி நடத்திவைக்கக் கூடாது என்று சட்டக்கோவையின் 1071 ஆம் இலக்கம் கூறுகிறது. ‘செல்லாத’ உறவிலிருந்தும் கடமை பிறக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டியதில்லை. ஆயினும் அனுமதி கோரப்படும் வேளையில், ‘அப்பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இவர் என்ன செய்துள்ளார்?’ என்ற வினா எத்தனை பங்குகளில் உண்மையாகவே எழுப்பப்படுகிறது என்பதே கேள்வி.

ஒரு சட்டத்தின் கண்ணுக்குத் திருமணமாகவும் இன்னொன்றின் கண்ணுக்கு ஒன்றுமற்றதாகவும் தோன்றும் இடைவெளியில் புகுந்து தப்ப முயல்வது கத்தோலிக்கருக்கு மட்டும் உரிய தந்திரமல்ல. விவாகப் பதிவுச் சட்டத்தின் கீழ் மணந்த கிறிஸ்தவர் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவி இரண்டாம் மணம் செய்தது குற்றமல்ல என்று 1965 இல் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. மூன்று தசாப்தங்களின் பின், 1997 இல், கத்தோலிக்கர் ஒருவர் தொடர்பான அதே வகை வழக்கில் எமது உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைப் பின்பற்ற மறுத்தது. ஒரு தார மணத்தினால் ஏற்றுக்கொண்ட கடப்பாடுகளை மதமாற்றத்தினால் ஒருதலைப்பட்சமாகக் கழற்றி வீச முடியாது என்று அது கூறியது. முஸ்லிம் சமூகத்தின் பெரியோர் பலருக்கும், சமயம் இவ்வாறு போர்வையாகப் பயன்படுத்தப்படுவது நெடுங்காலமாகவே மனவருத்தம் தந்த விடயம். அரச நீதிமன்றம் முதல் மனைவியைக் காத்த அவ்விடத்தில், ஆலயத்தின் சட்டம் பதிவுத் திருமணத்தின் முதல் மனைவியைக் காக்கத் தயங்கலாகாது.

கலப்பு மணங்களில் இன்னொரு திகைப்பும் காத்திருக்கிறது. சைவப் பெண் ஒருவர் சைவர் ஒருவரை மணந்து, விவாகரத்துப் பெற்று, பின்னர் ஒரு கத்தோலிக்கரை மணக்க விரும்பினால், ‘உமது முதற் திருமணம் செல்லுபடியானது, ஆகவே நீர் சுதந்திரமானவர் அல்லர்’ என்ற பதிலே அவருக்குக் கிடைக்கும். தனது சமயத்தின் திருமணத்தை மதித்ததற்காக மகிழ்வதா, அந்த மதிப்பே தடையாவதற்காக வருந்துவதா என்று அவர் திகைப்பது இயல்பே. அதற்கும் உரோமாபுரி வரை செல்லும் வழிகள் உண்டு. ஆனால் அவை நீண்டவை.

தடைகளை இவ்வளவு விரிவாகப் பேசிய நாம் திறந்திருக்கும் வாசல்களையும் பேச வேண்டும். ஊரார் அறியாதிருப்பது இவற்றைத்தான். கத்தோலிக்கர் ஒருவர் சைவரையோ முஸ்லிமையோ மணக்க ஆயரின் விதிவிலக்குப் பெறலாம். தன் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாகவும் கத்தோலிக்கர் வாக்களிக்க வேண்டும். மற்றவரிடம் வாக்குறுதி எதுவும் கேட்கப்படுவதில்லை. இவ்வாக்குறுதி பற்றி அவருக்கு அறிவித்தலே போதும். 1970 ஆம் ஆண்டு முதல் இதுவே நடைமுறை. மதம் மாறினால்தான் கோயிலில் மணம் என்பது பிழையான பேச்சு. தக்க காரணம் இருப்பின், ஆலயத்திற்கு வெளியே வேறொரு பகிரங்க முறையில் மணப்பதற்கும் ஆயர் அனுமதியளிக்கலாம். அவ்வாறு மணந்தவர் ‘கோயிலுக்கு வெளியே’ கட்டியிருந்தாலும் திருச்சபைக்கு வெளியே கட்டியவர் அல்லர். முஸ்லிம் பக்கத்தில் இதற்கு ஷாஃபிஈ மத்ஹபின் நிபந்தனைகளும், இருவரும் முஸ்லிம்களாயின் மட்டுமே பொருந்தும் 1951 ஆம் ஆண்டுச் சட்டமும் தனிக் கேள்விகளை எழுப்புகின்றன என்பது வேறு விடயம்.

ஏற்கனவே மணந்துவிட்டோருக்கும் வழி உண்டு. வேறு தடையில்லாதவிடத்து, குருவானவர் முன்னும் இரு சாட்சிகள் முன்னும் சம்மதத்தைப் புதுப்பித்தால் போதும். பந்தலும் வேண்டாம், விருந்தும் வேண்டாம். ‘இருபது வருடம் குடும்பம் நடத்திய பின் இன்னொரு கலியாணமா? அப்படியானால் இதுவரை நாங்கள் என்ன?’ என்று கேட்கும் சைவக் கணவரை நாம் அறிவோம். அவருடைய கேள்வியில் நியாயம் உண்டு. அதற்கும் சட்டக்கோவையில் விடை உண்டு. பழைய சம்மதம் நிலைத்திருக்குமாயின், அதனைப் புதுப்பிக்கக் கேளாமலேயே, அத்திருமணத்தை வேரிலிருந்து குணமாக்க ஆயருக்கு அதிகாரம் உண்டு. கணவர் கோயிற் படியை மிதிக்கவும் வேண்டியதில்லை. இத்தகைய கருணை மிகுந்த ஏற்பாடு ஒன்று இருப்பதை ஞாயிறு மறையுரைகளில் நாம் கேட்டதாக நினைவில்லை.

சபை விலக்குப் பற்றிய பேச்சும் அவ்வாறே. கத்தோலிக்கரல்லாத போதகர் முன் மணந்தோருக்கு 1917 ஆம் ஆண்டின் சட்டக்கோவை சபை விலக்குத் தண்டனையை விதித்திருந்தது உண்மை. 1966 இல் அது நீக்கப்பட்டுவிட்டது. 1983 ஆம் ஆண்டுக் கோவையில் அது இல்லை. விவாகரத்தின் பின் மறுமணம் செய்தோர் கூட சபை விலக்குப் பெற்றவர்கள் அல்லர் என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஓகஸ்ட் 5 ஆம் திகதி வெளிப்படையாகவே கூறினார். நற்கருணை பெறுவதில் தடை உண்டு. அதிலும் 2016 இல் அவர் வெளியிட்ட குடும்பம் பற்றிய மடல், ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே தேர்ந்து தெளியுமாறு குருக்களைக் கேட்டுக்கொண்டது. ஆனால் பெற்றோரின் திருமணத்தைக் காரணம் காட்டிப் பிள்ளையின் ஞானஸ்நானத்தை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. பிள்ளை கத்தோலிக்கராக வளரும் என்ற நியாயமான நம்பிக்கையே கேட்கப்படுகிறது. 2025 மே மாதம் தெரிவான பாப்பரசர் பதினான்காம் லியோ திருச்சபைச் சட்டத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். இவ்வேற்பாடுகளின் நுட்பம் அவருக்குப் புதிதல்ல.

வடக்கு, கிழக்கிற்கு மட்டுமே உரிய ஒரு கேள்வியும் எஞ்சியுள்ளது. போரின் இறுதி ஆண்டுகளில் வன்னியில், கட்டாய ஆட்சேர்ப்பிலிருந்து பிள்ளைகளைக் காக்கப் பெற்றோர் அவசரமாகக் கட்டிவைத்த கலியாணங்கள் பல. பதிவாளரும் இல்லை, பல இடங்களில் குருவானவரும் இல்லை. குருவானவரை ஒரு மாத காலத்திற்கு அணுக முடியாத சூழலிலும் மரண ஆபத்திலும், இரு சாட்சிகள் முன் மட்டும் கொடுக்கப்படும் சம்மதம் முழுமையாகச் செல்லுபடியாகும் என்று சட்டக்கோவையின் 1116 ஆம் இலக்கம் கூறுகிறது. ஆகவே தறப்பாளின் கீழ் இரு அயலவர் முன்னிலையில் மணந்த கத்தோலிக்கச் சோடி ‘முறையற்றது’ என்று எவரும் ஆராயாமல் கூறிவிட முடியாது. அதே வேளை, பெரும் அச்சத்திலிருந்து தப்ப வேறு வழியின்றிச் செய்த திருமணம் செல்லாது என்றும் அதே கோவை கூறுகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே விசாரித்தே முடிவு காண வேண்டும். அவ்வாறு விசாரிக்கப்படாது, பட்டியலில் ‘வெளியே கட்டினவர்கள்’ என்று எழுதப்பட்ட குடும்பங்கள் பற்றியே நாம் பேசுகிறோம்.

பெந்தெகொஸ்தே சபைகளுக்குச் சென்ற கத்தோலிக்கரின் நிலையும் தெளிவுபடுத்தப்பட வேண்டும். முறைப்படி திருச்சபையை விட்டு விலகியோருக்கு 1983 முதல் இருந்த விலக்கு, 2009 ஒக்டோபரில் கையொப்பமாகி 2010 இல் நடைமுறைக்கு வந்த ஆணையால் அகற்றப்பட்டது. அதன் பின் அவர்கள் தமது புதிய சபையில் செய்யும் திருமணம் கத்தோலிக்கக் கணக்கில் செல்லாததே. அச்சபைப் போதகர்கள் இதனைக் கேட்டுச் சினங்கொள்ளலாம்.

முதலிற் கூறிய பெண்ணிடம் திரும்புவோம். கோயிற் திருமணம் நடந்தால் மணமகன் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பதிவேட்டில், அவர் பெயருக்கு எதிரே ஓரத்தில் அது குறிக்கப்படும். எழுத்து மட்டும் முடிந்தால் அந்த ஓரம் வெறுமையாகவே இருக்கும். ரொறன்ரோவிலோ பாரிஸிலோ உள்ள பங்குத்தந்தை ஞானஸ்நானப் பத்திரத்தைக் கேட்டு வாங்கும்போது அந்த வெறுமையையே காண்கிறார். மீதி மணமகனின் வாய்மொழி. எழுத்து நடந்ததை அறிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஓலையோ, வாசிக்கப்பட்டால், வெளிநாட்டு ஆலயத்தில் வாசிக்கப்படுகிறது. திருமண விளம்பரத்தின் விதிகளை வகுக்கும் அதிகாரம் ஆயர் பேரவைகளிடமே விடப்பட்டுள்ளது. புலம்பெயர்ந்த கத்தோலிக்கர் ஒருவர் எங்கு மணந்தாலும் அவருடைய சொந்த ஊர்க் கோயிலிலும் மூன்று ஞாயிறுகள் ஓலை வாசிக்கப்பட வேண்டும் என்று இலங்கை ஆயர்கள், எம்மவர் வாழும் நாடுகளின் ஆயர்களுடன் பேசி ஓர் ஒழுங்கைச் செய்யலாம். அந்த ஓலையைக் கேட்டு எழுந்து நிற்க வேண்டியவள் அங்கேதான் அமர்ந்திருக்கிறாள்.